ஒப்பரேஷனுக்கு முந்திய சாப்பாடு: சலப்பைப் புற்றுநோயும் உடம்பின் கையிருப்பும்

மாமாவின் கிளினிக் கொப்பியில் மூன்று இலக்கங்கள் இருந்தன. மாசியில் 61 கிலோ, சித்திரையில் 58.5, ஆனியில் 56. ஒவ்வொன்றையும் வேறு வேறு ஆட்கள் வேறு வேறு பேனையால் எழுதியிருந்தார்கள். மூன்றையும் சேர்த்துப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. வீட்டில் நாங்களும் பார்க்கவில்லை. எங்கள் கண்ணில் பட்டதெல்லாம் அவருடைய சாரம்தான். உப்புவெளி வீட்டு முற்றத்தில் நாலு எட்டு வைப்பதற்குள் நின்று, சாரத்தை அவிழ்த்து இறுக்கிக் கட்டுவார். கைமணிக்கூடு மணிக்கட்டில் நிற்காமல் முழங்கைப் பக்கம் ஏறிவிடும். “வயசு போனா மெலியிறதுதானே பிள்ளை” என்பார். நாங்களும் அப்படியே நம்பிவிட்டோம்.

அவருக்கு வந்தது சலப்பைப் புற்றுநோய். நோவு இல்லாமல் சலத்தோடு இரத்தம் போவதுதான் பெரும்பாலும் இந்த வருத்தத்தின் முதல் அறிகுறி. நோவு இல்லாததாலேயே பலர் மாதக்கணக்கில் சொல்லாமல் இருந்துவிடுகிறார்கள். இதற்குப் பெரிய காரணம் புகைத்தல். சலப்பைப் புற்றுநோய்களில் ஏறக்குறையப் பாதி அதனால் வருகிறது. சிகரெட் புகையில் உள்ள நச்சுகள் இரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தால் வடிக்கப்பட்டு, சலத்தோடு சேர்ந்து பையில் மணிக்கணக்காகத் தேங்கி நிற்கின்றன. பையின் உட்தோலில் மட்டும் கட்டி இருந்தால் சலவழியாகக் கருவி விட்டுச் சுரண்டி எடுப்பார்கள். சிலருக்கு அதற்குப் பிறகு, காசநோய்த் தடுப்பூசியாகப் போடும் பீசீஜீ மருந்தைப் பைக்குள் விடுவார்கள். பையின் தசைச் சுவருக்குள் கட்டி இறங்கிவிட்டால், பெரும்பாலும் பையையே முழுதாக எடுக்கும் சத்திரசிகிச்சைதான் வழி.

நான் எழுத வந்தது இந்தச் சத்திரசிகிச்சைக்குப் போகிறவரின் உடம்பைப் பற்றி. கட்டியின் அளவைக் கேட்கிறோம், எந்தக் கட்டம் என்று கேட்கிறோம், டொக்டர் கெட்டிக்காரரா என்றும் விசாரிக்கிறோம். ஆள் என்ன கையிருப்போடு அந்த மேசையில் ஏறுகிறார் என்பதை மட்டும் கேட்பதில்லை. போசாக்கு நிலை என்று டொக்டர்மார் சொல்வது அந்தக் கையிருப்பைத்தான்.

முதலில் அந்தச் சத்திரசிகிச்சை எவ்வளவு பெரியது என்று விளங்க வேண்டும். ஆண்களுக்குச் சலப்பையோடு புரஸ்டேட்டும் போகும். பெண்களுக்குப் பல நேரம் கருப்பையும் சேர்ந்து போகும். இடுப்புக்குள் உள்ள நிணநீர்க்கணுக்களையும் எடுப்பார்கள். பை போன பிறகு சலம் வெளியே வர ஒரு வழி வேண்டுமல்லவா? அந்த வழியைச் சிறுகுடலில் இருந்துதான் செய்கிறார்கள். ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாக, 15 முதல் 20 சென்றிமீற்றர் குடலை வெட்டி எடுத்து, ஒரு நுனியில் சிறுநீரகங்களில் இருந்து சலத்தைக் கொண்டுவரும் இரண்டு சலக்குழாய்களையும் பொருத்தி, மற்ற நுனியை வயிற்றுத் தோலில் வாயாகத் திறந்து வைப்பார்கள். அந்த வாயின் மேல் ஒரு பை ஒட்டப்படும். சிலருக்கு ஒரு முழத்துக்கும் மேல், 50, 60 சென்றிமீற்றர் குடலை எடுத்து உள்ளேயே புதுப்பை தைப்பார்கள். எப்படிச் செய்தாலும், மிச்சக் குடலின் இரண்டு முனைகளையும் திரும்பச் சேர்த்துத் தைக்க வேண்டும். ஆகவே சலத்துக்கான ஒப்பரேஷன் என்று பெயர் இருந்தாலும் இது குடலுக்கும் செய்யும் ஒப்பரேஷன். சாப்பாட்டைச் சமிக்கச் செய்யும் உறுப்பையே வெட்டி ஒட்டிவிட்டு, அந்த ஒட்டு ஆறுவதற்கான சத்தையும் அதே உறுப்பிடம்தான் கேட்கிறோம்.

நியூயோர்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையம் தங்களிடம் இந்தச் சத்திரசிகிச்சை செய்த 1,142 பேரின் கணக்கை 2009 இல் வெளியிட்டது. அவர்களில் 64 வீதமானோருக்கு 90 நாட்களுக்குள் ஏதோ ஒரு சிக்கல் வந்திருந்தது. பெரும்பாலானவை ஆளைக் கொல்லும் சிக்கல்கள் அல்ல. ஆனால் அதிகம் வந்தவை வயிறும் குடலும் சம்பந்தப்பட்டவை. ஆறு மாதத்துக்கு முதலே மெலியத் தொடங்கிய ஒருவர் இதைத் தாங்குவாரா என்று கேட்பது வீண் பயத்தினால் அல்ல.

அந்தக் கேள்விக்கு இலக்கத்தில் பதில் தந்தவர்கள் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்துச் சலத்தொகுதிச் சத்திரசிகிச்சை வைத்தியர்கள். 2011 இல் வந்த அந்த ஆய்வில் 538 நோயாளிகள். மூன்று விசயங்களைப் பார்த்தார்கள்: குருதியில் அல்புமின் என்ற புரதம் குறைவா, உயரத்துக்கு நிறை போதாதா, ஒப்பரேஷனுக்கு முன் உடல் நிறையில் 5 வீதத்துக்கு மேல் இழந்தாரா. இதில் ஒன்று இருந்தாலே போசாக்குக் குறைவு என்று கணக்கெடுத்தார்கள். அப்படி 103 பேர் இருந்தார்கள், ஐந்தில் ஒருவர் அளவில். அந்த 103 பேரில் 16.5 வீதமானோர் 90 நாட்களுக்குள் இறந்துவிட்டார்கள். மற்றவர்களில் இறந்தவர்கள் 5.1 வீதம். மூன்று வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் போசாக்குக் குறைந்தவர்களில் 44.5 வீதம், மற்றவர்களில் 67.6 வீதம். வயது, நோயின் கட்டம் போன்றவற்றைக் கணக்கில் சேர்த்த பிறகும் இந்த வித்தியாசம் நின்றது.

இந்த இலக்கங்களை முதன்முதல் வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. உடனே மாமாவின் கொப்பியை எடுத்துக் கணக்குப் போட்டேன். கணக்கு மிக எளிது, நீங்களும் போடலாம். பழைய நிறையில் இருந்து இப்போதைய நிறையைக் கழியுங்கள். வருவதைப் பழைய நிறையால் வகுத்து 100 ஆல் பெருக்குங்கள். 61 இல் 56 போனால் 5. அதை 61 ஆல் வகுத்தால் 8 வீதத்துக்குச் சற்று மேல். நாலு மாதத்தில். ஆனால் அவருடைய உயரம் 165 சென்றிமீற்றர். உயரத்துக்கு நிறை பார்க்கும் பீஎம்ஐ கணக்கில் அவர் 20.6. 18.5 க்கு மேலே இருந்தால் சரி என்பார்கள். ஆக, சுவரில் ஒட்டியிருக்கும் அட்டவணைப்படி மாமா சாதாரண ஆள். ஆளை ஒரு நாள் மட்டும் பார்த்தால் நிறை போதும். நாலு மாதத்தைச் சேர்த்துப் பார்த்தால்தான் வீடு சரிவது தெரியும்.

அல்புமினைப் பற்றி ஒரு குழப்பம் எல்லோருக்கும் வருகிறது. அதைக் கொஞ்சம் நின்று விளக்க வேண்டும். அல்புமின் என்பது ஈரல் செய்து குருதிக்குள் விடும் ஒரு புரதம். ஒரு லீற்றரில் 35 கிராமுக்குக் குறைந்தால் குறைவு. ரிப்போர்ட்டில் அது குறைந்திருந்தால் “சாப்பிடுகிறார் இல்லை” என்று நோயாளியைக் கோபிக்கிறோம். முட்டையை ஒரு கிழமை கொடுத்துவிட்டு “ஏன் ஏறவில்லை” என்றும் கேட்கிறோம். கார்த்திகை, மார்கழியில் திருகோணமலைச் சந்தையில் மீன் குறைவாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்காகக் கடலில் மீன் இல்லை என்று சொல்வோமா? வாடைக்காற்றில் வள்ளங்கள் கரையில் ஏறிக் கிடக்கின்றன, அவ்வளவுதான். ஈரலும் அப்படித்தான். உடம்பில் அழற்சி இருக்கும்போது, அது புற்றுநோயாலோ சலத்தொற்றாலோ வந்ததாக இருக்கலாம், ஈரல் அல்புமின் செய்வதைக் குறைத்துக்கொண்டு அந்தச் சண்டைக்கு வேண்டிய வேறு புரதங்களைச் செய்யப் போய்விடும். ஆகவே குறைந்த அல்புமின் சொல்வது சாப்பாட்டுக் கதையை மட்டுமல்ல, நோயின் கதையையும் சேர்த்துத்தான். குருதியில் உள்ள அல்புமினில் பாதி மாறுவதற்கே ஏறக்குறைய 20 நாள் ஆகும். ஒரு கிழமையில் ஏறவில்லை என்று மனம் விடத் தேவையில்லை.

நிறையை விட, அல்புமினை விட, எனக்கு மனதில் நின்றது தசைதான். புற்றுநோய் பரவியிருக்கிறதா என்று பார்க்கச் சீரீ ஸ்கேன் எடுக்கிறார்களே, அதே படத்தில் நாரியின் மூன்றாவது முள்ளெலும்பு இருக்கும் மட்டத்தில் தசையின் பரப்பை அளக்கலாம். தனியாக ஒரு ஸ்கேன் தேவையில்லை. அமெரிக்காவின் மேயோ கிளினிக் இப்படி 205 பேரின் படங்களை அளந்து 2014 இல் வெளியிட்டது. தசை குறைந்தவர்களில் ஐந்து வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 39 வீதம். தசை உள்ளவர்களில் 70 வீதம். இதில் வண்டி வைத்த ஆட்களும் ஏமாந்து போகலாம். வயிறு பெருத்திருக்கும், தொடையும் தோளும் வற்றியிருக்கும். பார்ப்பவர்கள் “ஆள் நல்லாத்தானே இருக்கிறார்” என்பார்கள்.

ஸ்கேன் இல்லாமலும் வீட்டில் கொஞ்சம் பார்க்கலாம். தையல்காரரின் அளவு நாடாவை எடுத்துக் கெண்டைக்காலின் தடித்த இடத்தைச் சுற்றிப் பிடியுங்கள். ஆசிய ஆட்களுக்கு வைத்திருக்கும் அளவு, ஆணுக்கு 34 சென்றிமீற்றர், பெண்ணுக்கு 33. அதற்குக் குறைந்தால் தசை குறைந்திருக்கலாம். கால் வீங்கியிருந்தால் இந்த அளவு பிழைக்கும். பிறகு கதிரையில் இருத்தி, கையை நெஞ்சில் கட்டிக்கொண்டு ஐந்து தடவை எழும்பி இருக்கச் சொல்லுங்கள். 12 செக்கன் அல்லது அதற்கு மேல் எடுத்தால் டொக்டரிடம் சொல்ல வேண்டும். மாமாவுக்கு 17 செக்கன். நாலாவது தடவையில் கை தானாகக் கதிரையின் பிடிக்குப் போனது.

தசை ஏன் இவ்வளவு முக்கியம்? தம்பலகாமத்து வயல்காரரிடம் கேட்டால் விதைநெல்லை வைத்துச் சொல்லிவிடுவார். பஞ்சம் வந்தால் முதலில் பரணில் உள்ள நெல் தீரும், பிறகு விதைநெல்லில் கை வைக்க வேண்டி வரும். அதையும் அவித்துத் தின்றால் அடுத்த போகம் இல்லை. பெரிய சத்திரசிகிச்சை உடம்புக்கு ஒரு பஞ்சம். காயத்தை ஆற்ற, கிருமியோடு போராட, குடல் ஒட்டை மூடப் புரதம் வேண்டும். அந்த நாட்களில் வாயால் போவது கொஞ்சம். உடம்பு தசையை உடைத்து எடுத்துக்கொள்ளும். உடைக்கத் தசை இல்லாதவருக்குக் காயம் பிரியும், சளி துப்ப நெஞ்சில் பலம் இராது, சளி தேங்கி நிமோனியா வரும், கட்டிலை விட்டு எழும்ப ஏலாது. 90 நாளில் நடப்பது இது. மூன்று, ஐந்து வருடக் கணக்கிலும் வித்தியாசம் தெரிவதற்கு வேறு காரணங்களும் உண்டு. தேறாத உடம்புக்குக் கீமோ மருந்தை முழு அளவில் கொடுக்க முடியாது. கடுமையான புற்றுநோயே ஆளைக் கூடுதலாக உருக்கவும் செய்யும். அதனால் மெலிவு சிலரிடம் காரணம், சிலரிடம் அடையாளம். வாண்டர்பில்ட், மேயோ ஆய்வுகள் இரண்டும் நோயாளிகளின் பதிவுகளைப் பின்னோக்கிப் பார்த்தவை. மெலிந்தவருக்கு ஆபத்து கூட என்பதைக் காட்டுகின்றன. சாப்பாடு கொடுத்தால் அந்த ஆபத்து முழுவதும் நீங்கிவிடும் என்று அவற்றை வைத்துச் சொல்ல முடியாது. இதைச் சொல்லாமல் விட்டால், நாளைக்கு ஒரு குடும்பம் “நாங்கள் ஒழுங்காகச் சாப்பாடு கொடுக்காததால்தான் அப்பா போனார்” என்று அழும். அது நியாயமில்லை.

ஆனாலும் எங்கள் கையில் உள்ளது சாப்பாடுதான். அதற்கு நேரமும் இருக்கிறது. பலருக்கு ஒப்பரேஷனுக்கு முன் சில தடவை கீமோ கொடுப்பார்கள். திகதிக்குக் காத்திருக்கும் நாட்களும் உண்டு. கடுமையாக மெலிந்தவருக்கு, பெரிய சத்திரசிகிச்சையைத் தள்ளிவைத்தாவது 7 முதல் 14 நாள் போசாக்குக் கொடுக்கும்படி ஐரோப்பியப் போசாக்கு வைத்தியர் சங்கத்தின் வழிகாட்டலே சொல்கிறது. அந்தக் கிழமைகளை ஜாதகம் பார்ப்பதிலும், யார் கூடப் போவது, இரவு ரயிலில் கொழும்புக்குப் போனால் எங்கே தங்குவது என்ற யோசனையிலும் நாங்கள் செலவழித்துவிடுகிறோம். அவையும் வேண்டும்தான். ஆனால் ஆள் மெலிந்துகொண்டே இருக்கிறார்.

எவ்வளவு புரதம்? புற்றுநோயாளிக்கும் பெரிய சத்திரசிகிச்சைக்குப் போகிறவருக்கும் ஒரு கிலோ நிறைக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை. 56 கிலோ ஆளுக்கு 67 முதல் 84 கிராம். எங்கள் வழக்கமான தட்டைப் பாருங்கள். மலைபோலச் சோறு, தண்ணியான பருப்பு, ஒரு துண்டு மீன், சொதி. வயிறு நிறையும், புரதம் பாதிக்கும் வராது. இரண்டு முட்டையில் 12 கிராம். முள் நீக்கிய 150 கிராம் மீனில் 30 அளவில். அது சாளையா, கும்பளாவா, பாரையா என்பது முக்கியமில்லை. கெட்டியாக வைத்த பருப்பு அரைக் கோப்பையில் 8, 9. அவித்த கடலை அரைக் கோப்பையில் 7. கிண்ணியாவின் எருமைத் தயிர் ஒரு கோப்பையில் 8 அளவில். சோற்றில் இருந்தும் பால்மாவில் இருந்தும் கொஞ்சம் வரும். கூட்டினால் 70 ஐத் தாண்டிவிடும். கடையில் விற்கும் விலை கூடிய சத்துமா டின்னை வாங்க ஏலவில்லையே என்று குறைபட்ட மாமியிடம் இந்தக் கணக்கை ஒரு பழைய கலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன். அவர் அதைக் குசினிக் கதவில் ஒட்டிவைத்தார்.

ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சலப்பைக் கட்டி சலக்குழாயை அடைத்தால் சிறுநீரகம் பழுதாகலாம். சிறுநீரகம் பலவீனமானவர், சீனி வருத்தம் உள்ளவர் புரதத்தையும் மற்றதையும் எவ்வளவு எடுக்கலாம் என்பதைத் தங்கள் டொக்டரிடம் கேட்டுத்தான் தொடங்க வேண்டும்.

வாய்க்கு ருசி இல்லாதவரிடம் பெரிய தட்டை நீட்டினால் பார்த்த உடனேயே முகத்தைத் திருப்புவார். மூன்று வேளையை ஆறாக உடையுங்கள். கஞ்சி வைத்தால் வெறும் அரிசிக் கஞ்சி வேண்டாம், பயறும் தேங்காய்ப்பாலும் சேருங்கள். புட்டுக்குள் நெத்தலியோ முட்டையோ போகட்டும். பின்னேரம் ஒரு பிடி கச்சான், அல்லது நல்லெண்ணெய் விட்ட உழுத்தங்களி. வெறும் பிளேன்ரீயால் வயிற்றை நிரப்பாமல் பால் தேத்தண்ணி கொடுங்கள். கூடவே நடை. நடக்காத உடம்பில் புரதம் தசையாகச் சேராது. மாமா காலையில் வீட்டில் இருந்து கடற்கரை வரை போய் வந்தார். முதல் நாள் இரண்டு இடத்தில் இருந்து எழும்பினார்.

இப்போது மனதை உறுத்தும் விசயம். எங்கள் வீடுகளில் நோயாளியைப் பட்டினி போடுவது அன்பினால்தான். “மீன் காயத்துக்குக் கிரந்தி.” “முட்டை சூடு.” “தயிர் குளிர்.” “இறைச்சி தின்றால் புற்று வளரும்.” ஒவ்வொருவரும் வந்து ஒவ்வொன்றைத் தட்டில் இருந்து எடுத்துவிட்டுப் போவார்கள், கடைசியில் தட்டில் மிஞ்சுவது கஞ்சித்தண்ணி. மாமாவுக்கும் இதுதான் நடந்தது. அந்த 5 கிலோவில் ஒரு பங்கு எங்கள் பத்தியம் தின்றது என்று நான் நினைக்கிறேன். ஒரு மீனுக்கு உடம்பு தடிக்கும் ஒவ்வாமை உள்ளவர் அந்த மீனை விடட்டும், அது வேறு கதை. மற்றபடி காயம் ஆறுவதற்கே புரதம்தான் வேண்டும். சாப்பிடாமல் விட்டால் புற்றும் பட்டினி கிடக்கும் என்பதும் நடக்காது. அது தசையை உடைத்துத் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும். பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறா வறை கொடுத்துத் தேற்றுகிற ஊர் இது. குடல் வெட்டித் தைத்தவருக்கு மட்டும் கஞ்சித்தண்ணி ஏன்?

கோணேசருக்கும் கந்தசஷ்டிக்கும் பிடிக்கிற விரதத்தை இந்தக் காலத்தில் வீட்டில் வேறொருவர் பிடிக்கட்டும். கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து உறவுகளுக்கும் சொல்கிறேன்: நோயாளிக்கு நோன்பில் விலக்கு உண்டு, சுகமான பிறகு நோற்கலாம்.

ஒப்பரேஷனுக்கு முதல் நாள் இரவில் இருந்தே பச்சைத் தண்ணியும் கூடாது என்ற வழக்கம் உலகம் முழுவதும் மாறிவருகிறது. திடச் சாப்பாடு 6 மணித்தியாலத்துக்கு முன்னரும், தெளிந்த பானம் 2 மணித்தியாலத்துக்கு முன்னரும் நிறுத்தினால் பெரும்பாலானோருக்குப் போதும். உங்கள் ஆளுக்கு எத்தனை மணி என்பதை மயக்க மருந்து கொடுக்கும் டொக்டரிடம் முன்கூட்டியே கேளுங்கள். காலைப் பட்டியலில் பெயர் இருந்து ஒப்பரேஷன் பின்னேரத்துக்குத் தள்ளிப்போனால் திரும்பவும் கேளுங்கள். ஒப்பரேஷனுக்குப் பிறகு குடல் சில நாள் சும்மா கிடக்கும். வயிறு உப்பும், ஓங்காளிக்கும். அப்போதும் கொஞ்சம் கொஞ்சமாக வாயால் தொடங்குவதும், அதே நாளிலோ மறுநாளோ கட்டிலை விட்டு எழும்பி இருப்பதும் குடலை எழுப்ப உதவும். பபிள்கம் சப்பக் கொடுத்தால் வாயில் ஏதோ போகிறது என்று குடல் நினைத்து அசையத் தொடங்கும். நம்பக் கஷ்டமாக இருக்கும், ஆனால் பல இடங்களில் வழக்கமாகச் செய்கிறார்கள்.

மாமா 58 கிலோவோடு மேசையில் ஏறினார். காயம் ஆறியது. வீட்டுக்கு வந்து பை மாற்றவும் பழகினார். மூன்றாம் மாதம் திரும்பவும் சாப்பாட்டில் மனம் போகவில்லை. சாரத்தின் முடிச்சு திரும்பவும் இறுகத் தொடங்கியது. புற்று திரும்பிவிட்டது என்று மாமி பூசை அறையில் இருந்து எழும்பவே இல்லை. நான் புட்டும் மீனும் என்று திணித்துக்கொண்டிருந்தேன். இந்த முறை கொப்பியைக் கையில் பிடித்தபடியே கிளினிக்குக்குப் போனோம். நிறை இரண்டு கிலோ குறைவு. டொக்டர் குருதி எடுத்துப் பார்த்துவிட்டு இது அமிலம் என்றார். சலவழியாக வைத்திருப்பது குடல் துண்டல்லவா? உறிஞ்சுவது குடலின் பழக்கம். தன்னூடாகப் போகும் சலத்தில் இருந்தும் அது கொஞ்சத்தை உறிஞ்சும், அதனால் இரத்தத்தில் அமிலம் கூடும். ஆள் சோர்வார், பசி போகும், மெலிவார். சோடியம் பைகாபனேற் குளிசை கொடுத்தார்கள். சிறுகுடலின் கடைசிப் பகுதியில்தான் உடம்பு வைற்றமின் பி12 ஐ எடுக்கிறது என்பதால் அதையும் வருடம் தோறும் பார்க்கச் சொன்னார்கள்.

இரண்டு கிழமை போயிருக்கும். வெள்ளிக்கிழமை காலை, வாசலில் மீன்காரர் சத்தம் போட்டபோது மாமா எழும்பிப் போய் சுறா இருக்கிறதா என்று கேட்டார். வெள்ளிக்கிழமைகளில் எங்கள் குசினிக்குள் மீன் வராது. மாமி ஒன்றும் சொல்லவில்லை. முற்றத்தில் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டி, வறைக்குச் சட்டியை ஏற்றினார்.